'நம்மவரா?' என்று கேட்டால் போதுமா?

நம் சங்க உறுப்பினர்களில் பலர் இப்போது ஒரு புதுப் பதவிக்கு வந்திருக்கிறார்கள். வீட்டுச் சொந்தக்காரர் என்ற பதவி! வாழ்நாள் முழுவதும் ரயில்வே குவார்ட்டர்ஸில் காலம் தள்ளியவர்கள், பிள்ளை பெங்களூருக்கோ புனேவுக்கோ போனபின் அவன் வாங்கிப் போட்ட ஃப்ளாட்டை வாடகைக்கு விடும் பொறுப்பை ஏற்கிறார்கள். டோம்பிவிலியில் என் மகனின் ஃப்ளாட்டுக்கு ஆள் தேடும் வேலை எனக்கும் அப்படித்தான் வந்து சேர்ந்தது.

நண்பர்கள் அனைவரும் ஒரே யோசனைதான் சொன்னார்கள்: "நம்மவராப் பார்த்து விடுங்க சார்." இந்த 'நம்மவர்' யார் என்று விசாரித்தால் வட்டம் சுருங்கிக்கொண்டே போகிறது. முதலில் தமிழர். பிறகு சைவச் சாப்பாடு. பிறகு, கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, இன்ன ஜாதி. இந்த வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. 1966-க்குப் பிந்தைய சில ஆண்டுகளில் பம்பாயில் தென்னிந்தியருக்கு எதிராகக் கிளர்ச்சி நடந்தபோது, ரூம் கேட்டுப் போன இடத்தில் 'மதராஸி' என்ற ஒரே காரணத்துக்காகத் திருப்பி அனுப்பப்பட்ட கதைகளை நம் மூத்த உறுப்பினர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். இன்று சாவி நம் கைக்கு வந்ததும் அதே கேள்வியை நாம் கேட்கலாமா?

நியாயம் கிடக்கட்டும், லாபக் கணக்குப்படி பார்த்தாலும் அது உதவாது. என்னிடம் முதலில் வந்தவர் சாட்சாத் நம்மவர். தஞ்சாவூர்ப் பக்கம், இனிமையான பேச்சு. சம்பள ரசீது கேட்டதும் முகம் மாறிவிட்டது. "நமக்குள்ள எதுக்கு சார் அக்ரிமெண்ட்?" என்றார். காகிதம் வேண்டாம் என்பவருக்கு வீடும் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். அடுத்து வந்தவர்கள் ஒரே மருத்துவமனையில் வேலை பார்க்கும் மூன்று நர்சுகள். கேரளத்துப் பெண் ஒருத்தி, மணிப்பூர்ப் பெண்கள் இருவர். நியமன உத்தரவு, மூன்று மாதச் சம்பள ரசீது, முன்பு குடியிருந்த வீட்டுக்காரரின் டெலிபோன் நம்பர் எல்லாம் ஒரு ஃபைலில் கொண்டு வந்திருந்தார்கள். "கல்யாணமாகாத பெண்கள், ராத்திரி டூட்டி" என்று சொசைட்டியில் ஒருவர் இழுத்தார். ராத்திரி டூட்டி பார்க்காத ரயில்வேக்காரன் உண்டா என்று கேட்டேன். மஹாராஷ்டிர சொசைட்டிகளின் மாதிரி விதிகளின்படி, வாடகைக்கு விடச் சொசைட்டியின் முன் அனுமதி தேவையில்லை, தெரிவித்தால் போதும். வெளியாருக்கு விடுவதற்காக வாங்கும் கூடுதல் கட்டணமும் சர்வீஸ் சார்ஜில் 10 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. இப்போது அந்தப் பெண்கள்தான் குடியிருக்கிறார்கள்.

விசாரிப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஒருவர் இப்போது குடியிருக்கும் வீட்டுக்காரரிடம் கேட்டால், தொல்லை ஒழிந்தால் சரி என்று அவர் புகழ்ந்து தள்ளலாம். அதற்கு முந்தைய வீட்டுக்காரரைக் கேளுங்கள். அவருக்குப் பொய் சொல்லக் காரணமில்லை. வாடகை வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

நம்மவர் தேடும் பழக்கத்துக்கு அடியில் ஒரு பயம் இருக்கிறது: 'விட்டால் காலி செய்ய மாட்டான்.' பயம் காரணமில்லாததல்ல. 1947-ஆம் வருடத்து பம்பாய் வாடகைச் சட்டத்தில் மாட்டிக்கொண்டு, அற்ப வாடகைக்குக் கட்டடத்தையே இழந்தவர்கள் உண்டு. 1973-ல், அந்த வருடம் பிப்ரவரி 1-ஆம் தேதி லைசென்ஸில் குடியிருந்தவர்களையும் வாடகைதாரராக்கினார்கள். ஆனால் 1999-ஆம் வருடத்து மஹாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தபின் நிலைமை வேறு. லீவ் அண்ட் லைசென்ஸ் காலம் முடிந்தும் காலி செய்யாதவரை 24-ஆம் பிரிவின்படி வெளியேற்றலாம். அதுவரை இரட்டிப்புத் தொகையும் கேட்கலாம். அதற்கு அக்ரிமெண்ட் எழுத்தில், பதிவாகி இருக்க வேண்டும். 'பதினோரு மாதம்தானே, பதிவு எதற்கு?' என்று நம்மவர்கள் சொல்வது மற்ற மாநிலக் கதை. இங்கே 55-ஆம் பிரிவுப்படி பதினோரு மாதமானாலும் பதிவு கட்டாயம், பொறுப்பு வீட்டுக்காரருடையது. பதிவில்லாமல் தகராறு வந்தால், மாறாக நிரூபிக்கப்படும்வரை குடியிருப்பவர் சொல்லும் நிபந்தனையே செல்லும். இப்போது வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் பதிவு செய்யலாம். காவல் நிலையத்துக்கும் விவரம் கொடுத்துவிடுங்கள்.

விளம்பரம் கொடுப்போர் ஒன்று கவனிக்க வேண்டும். ராணுவத்தில் இருக்கிறேன், மாற்றலாகி வருகிறேன், வீட்டைப் பார்க்கவே வேண்டாம், அட்வான்ஸ் அனுப்புகிறேன் என்று போன் வரும். க்யூ.ஆர். கோடு அனுப்பி, ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போடுங்கள் என்பார்கள். பணம் வாங்க நாம் பின் நம்பர் போட வேண்டியதே இல்லை. போட்டால் நம் பணம்தான் போகும்.

கடைசியாக, வீடு இல்லை என்று சொல்ல வேண்டியவர்களுக்கு அன்றே சொல்லிவிடுங்கள். டோக்கன் வாங்கியிருந்தால் அன்றே திருப்பிக் கொடுங்கள். அவர்களும் பெட்டி படுக்கையோடு அடுத்த வீடு தேட வேண்டும்.