பொன்னாடையா? கூலியா?

நமது நாட்டில் கல்லுடைக்கிறவன் கூலி கேட்டால் பேரம் பேசுவார்களேயொழிய, கேட்டதே தப்பு என்று யாரும் சொல்லுவதில்லை. ஆனால் பாட்டெழுதுகிறவனோ, கதை எழுதுகிறவனோ, சித்திரம் வரைகிறவனோ “எனக்கு என்ன கொடுப்பீர்கள்?” என்று வாய் திறந்து விட்டால் போதும், “கலையைக் காசுக்கு விற்கிறான்” என்று தூற்ற ஆரம்பித்து விடுகிறார்கள். இந்த அநியாயத்தின் வேர் எங்கேயிருக்கின்றது என்பதை வாசகர்கள் சற்று யோசித்துப் பார்க்க வேண்டுகின்றோம்.

ஒரு கவியரங்கம் நடக்கின்றது என்று வைத்துக் கொள்வோம். பந்தல்காரருக்குப் பணம், ஒலிபெருக்கிக்காரருக்குப் பணம், நோட்டீஸ் அச்சடித்தவருக்குப் பணம். எவருடைய பாட்டைக் கேட்கக் கூட்டம் கூடிற்றோ அந்தக் கவிஞருக்கு மாத்திரம் ஒரு பொன்னாடை! பஸ் கட்டணமும் அவர் கைப்பணம். அந்தப் பொன்னாடையைக் கொண்டுபோனால் எந்தக் கடையிலாவது ஒரு படி அரிசி அளந்து கொடுப்பார்களா என்று கேட்கின்றோம்.

“கலை தெய்வீகம், சரஸ்வதி கடாட்சம், அதற்கு விலையேது?” என்பதுதான் இதற்குச் சொல்லப்படும் சமாதானம். அப்படியானால் அந்தச் சரஸ்வதிக்கே பூஜை செய்கின்ற புரோகிதர் தட்சணை வேண்டாமென்று சொல்லிவிட்டா போகிறார்? எழுத்து என்பது ராத்திரியெல்லாம் கண் விழித்து, எழுதி, அடித்து, திரும்ப எழுதுகின்ற வேலை. அதை வேலையென்று ஒப்புக்கொண்டால் கூலி கொடுத்தாக வேண்டுமே! ஆகவேதான் அதை வரம் என்கிறார்கள்.

இந்தத் தந்திரத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. பறையடிக்கிற தோழரின் வாசிப்பும் கலைதானே? அதை மாத்திரம் எவரும் தெய்வீகமென்று சொல்லவில்லை. “சாதித் தொழில், ஊர்க் கடமை” என்று சொல்லி, சாவுக்கும் திருவிழாவுக்கும் கட்டாயமாய் அடிக்கச் செய்து, சொற்பத் தானியத்தோடு அனுப்பி வந்தார்கள். மேலே தூக்கி வைத்தாலும் கூலியில்லை. கீழே தள்ளி வைத்தாலும் கூலியில்லை. இரண்டும் ஒரே பித்தலாட்டந்தான்.

நிற்க, கலைக்கு விலை கிடையாது என்பதே பொய். விலை உண்டு, அது உழைத்தவன் கைக்குத்தான் போவதில்லை. பாரதியார் 1921-ல் வறுமையிலேயே மாண்டார். பின்னர் அவருடைய பாட்டுக்களை இசைத்தட்டில் பதிக்கும் உரிமை கைமாறி ஒரு பட முதலாளியிடம் போய்ச் சேர்ந்தது. 1949-ல் சென்னை சர்க்கார் தலையிட்ட பிறகே அப்பாட்டுக்கள் பொதுவுடைமையாயின.

சினிமாப் பாட்டின் கதையும் இதுவே. 1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, வேறு ஒப்பந்தமில்லாவிட்டால், பணம் கொடுத்துப் பாட்டெழுதச் சொன்ன பட முதலாளியே அதன் முதல் உரிமையாளர் என்று 1977-ல் சுப்ரீம் கோர்ட்டார் தீர்ப்பளித்தார்கள். முப்பத்தைந்து வருஷம் கழித்து 2012-ல்தான், சினிமாக் கொட்டகைக்கு வெளியே பாட்டு பயன்படும்போது வரும் ராயல்டியில் பாட்டெழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் பங்கு உண்டு, அந்த உரிமையை முதலாளி எழுதி வாங்கிக்கொள்ள முடியாது என்று சட்டம் திருத்தப்பட்டது. ஒரு சட்டம் வந்துதான் இந்தச் சாதாரண நியாயத்தைச் சொல்ல வேண்டியதாயிற்று!

ஒருவர் தாம் நம்பும் காரியத்துக்காக மனமொப்பி இனாமாய் எழுதினால் அது அவருடைய கொடை. ஆனால் கொடை என்று சொல்லும் உரிமை கொடுப்பவருக்கேயொழிய வாங்குகிறவருக்கில்லை.

ஆகவே, கூட்டம் கூட்டுவோரும் பத்திரிகை நடத்துவோரும் — நம்மையும் சேர்த்தே சொல்லுகின்றோம் — அழைக்கும்போதே தொகை இன்னதென்று எழுத்தில் கொடுக்க வேண்டும். எழுதுகிறவர்களும் கூசாமல் கேட்க வேண்டும். கூலி கேட்பதில் வெட்கமில்லை தோழர்களே! வேலை வாங்கிக்கொண்டு சால்வை போர்த்தி அனுப்புகிறவர்களே வெட்கப்பட வேண்டும்.