பாடும் பிள்ளைகளின் கையில் எந்த ஏடு?

சேர்ந்திசைக்கு ஏடு தேர்ந்தெடுப்பதைச் சிறு செயலென்று எண்ணுவோர் நம்மிடையே பலர். சிராங்கூன் சாலைக் கோயில் மண்டபமாயினும் எஸ்பிளனேட் அரங்காயினும், ஆடைக்கும் ஒலிபெருக்கிக்கும் பலமுறை கூடிப் பேசுகிறோம். பிள்ளைகளின் கையில் எதைக் கொடுப்பது என்பதையோ கடைசி வாரத்திற்கு ஒதுக்கிவிடுகிறோம். விளைவு யாது? தேவாரப் பதிகம் ரோமன் எழுத்துத் தாளாக வந்து சேருகிறது. இவ்வழக்கத்தைக் கைவிட்டே ஆகவேண்டும்.

"ஒலிதானே வேண்டும், எழுத்து எதுவானால் என்ன?" என்பார் உளர். அவ்வொலியே கெடுகிறதே! அத்தாளில் பல்லியும் பள்ளியும் ஒன்று. மனமும் மணமும் ஒன்று. மலைக்கும் மாலைக்கும் வேறுபாடில்லை. குறில் நெடில் அளவு பிறழ்ந்தால் தாளமும் பிறழும். எழுத்துப் பிழை இசைப் பிழையாக முடிகிறது.

மற்றொரு சாரார் பெரும் ஆய்வுப் பதிப்பையே கொணர்வர். தி. வே. கோபாலையர் பதிப்பித்து, 1984 முதல் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் வெளியிட்ட தேவாரப் பதிப்பு ஆய்வாளர்க்குப் பெருஞ்செல்வம். ஆசிரியர் மூலபாடத்தைச் சரிபார்க்க அது துணையாகட்டும். பதினொரு வயதுப் பிள்ளை நின்று பாடும் ஏடு அதுவன்று. தலமுறைப் பதிப்பு ஊர் தேடுவோர்க்கு உதவும். பாடுவோர்க்குப் பண்முறைப் பதிப்பே உதவும். நட்டபாடை இன்று கம்பீர நாட்டையாகப் பாடப்படுகிறது என்னும் குறிப்பு ஏட்டிலேயே இருத்தல் வேண்டும்.

சந்தி பிரித்தால் யாப்புக் கெடும் என்று புலவர் சிலர் சினப்பர். 1950களில் மர்ரே எஸ். ராஜம் பழந்தமிழ் நூல்களைச் சந்தி பிரித்து மலிவு விலையில் வெளியிட்டார். அதனால் தமிழ் குன்றிற்றா? படிப்போர் பெருகினர். சீர் பிரித்த வடிவை மேலும், சொல் பிரித்த வடிவைக் கீழும் அச்சிட்டால் யாப்பும் நிற்கும், பொருளும் விளங்கும்.

சுருதியையும் ஏடே உரைக்க வேண்டும். சுபிர் சயித் 1958-இல் இயற்றிய நம் நாட்டுப்பண், பலரும் எளிதாகப் பாடும்பொருட்டு 2001-இல் 'ஜி' சுருதியிலிருந்து 'எஃப்' சுருதிக்குத் தாழ்த்தப்பெற்றது. நாட்டுப்பண்ணே மக்கள் குரலுக்கு இணங்கிற்று. நாம் மட்டும் ஏதோ ஒரு பாடகரின் ஒலிப்பதிவுச் சுருதிக்குப் பிள்ளைகளின் தொண்டையை வருத்துவது ஏன்?

'முன்னேறு வாலிபா' பாடும் பிற இனப் பிள்ளைகட்கு ரோமன் எழுத்தைத் தருவது முறையே. அவர்கள் நம் மொழிக்கு விருந்தினர். தமிழ்ப் பிள்ளையையும் விருந்தினராக்குவதைத்தான் எதிர்க்கிறோம். உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளி 1982-இல் மூடப்பட்டபின், அனைத்துப் பாடங்களையும் தமிழில் கற்பிக்கும் பள்ளி இங்கில்லை. பாடவேளைக்கு வெளியே தமிழெழுத்தைக் கண்ணால் கண்டு வாயால் சொல்லும் இடங்கள் சிலவே. அவற்றுள் ஒன்று சேர்ந்திசை. அதையும் இழக்கலாமா?

பெரிய தமிழெழுத்து, சீர், சொல், பண், தாளம், சுரக்குறிப்பு, இரண்டு வரிப் பொருள்: இவை அமைந்த ஏட்டை ஒத்திகையின் முதல் நாளிலேயே கொடுங்கள். கடையில் கிடைக்காவிடில் ஆசிரியர் நால்வர் கூடி ஆக்குங்கள். அதற்குப் பொருட்செலவு சிறிது, வேண்டுவது மனம்.