எண்ணெய்ப் புட்டிக்குத் தடை, கடைமுதலாளிக்கு வேட்டை!

உளுந்தூர்பேட்டைப் பக்கத்திலிருந்து அயல்நாட்டுக் கூலிவேலைக்குப் புறப்படும் தொழிலாளியின் கைப்பையில் தாய் வைத்த நல்லெண்ணெய்ப் புட்டி, விமான நிலையச் சோதனையில் குப்பைத்தொட்டிக்குப் போகிறது. 2006 ஆகஸ்டில் லண்டனில் திரவ வெடிச் சதி வெளிப்பட்ட பின் உலகெங்கும் பரவிய விதி இது: புட்டி 100 மில்லிக்கு மேல் கூடாது.

பாதுகாப்பை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் வீட்டுத் தண்ணீரைக் கொட்டச் சொல்லிவிட்டு, சோதனைக்கு அப்பால் கொள்ளை விலைக்குத் தண்ணீர் விற்பது எந்தப் பாதுகாப்பு? 2025ல் சென்னையில் திறந்த உடான் யாத்ரி கபேயில் தண்ணீர் 10 ரூபாய்தானே!

புதிய ஸ்கேனர் வைத்த எடின்பரோ நிலையம் 2025லேயே 2 லிட்டர் வரை அனுமதித்துவிட்டது. இயந்திரத்தால் முடிகிற காரியத்துக்கு ஏழையின் புட்டியை ஏன் பறிக்க வேண்டும்?

சர்க்காரைக் கேட்கிறோம்: எல்லா நிலையங்களிலும் அந்த ஸ்கேனரை வை! டிக்கட்டிலேயே விதியைத் தமிழில் அச்சிடு! எல்லாக் கடையிலும் 10 ரூபாய்க்குத் தண்ணீர் கொடு!