நாள் குறித்தவர் ஒருவர், நலிந்தவர் வேறொருவர்

நாடாள்வோர் மேடையில் உதிர்க்கும் ஒரு சொல், களத்தில் வகுத்த திட்டத்தை ஒரே நாளில் குலைத்துவிடும். இதற்குச் சான்று தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை.

1989 ஜூன் 1ஆம் நாள், பத்தரமுல்லையில் ஒரு விகாரை வைபவத்தில் பேசிய சனாதிபதி பிரேமதாசா, இந்திய அமைதிப்படை ஜூலை இறுதிக்குள் வெளியேற வேண்டும் என்று அறிவித்தார். 1987 ஜூலை 29இல் இரு அரசுகள் கைச்சாத்திட்ட ஒப்பந்தத்தை ஒட்டி வந்த படை அது. அப்படையால் யாழ்ப்பாணத்தார் பட்ட துயரை நாம் மறக்கவில்லை. அதனைப் போகச் சொல்ல இறைமையுள்ள நாட்டுக்கு உரிமை உண்டென்பதையும் மறுக்கவில்லை. ஆனால் உரிமை வேறு. அதை நிறைவேற்றும் முறை வேறு. போகும் நாளை இரு அரசுகளும் பேசியல்லவா குறித்திருக்க வேண்டும்?

நாள் குறித்ததும் விளைந்தது என்ன? எதிர்த்து நின்ற புலிகளுக்குக் காத்திருத்தலே இலாபமாயிற்று. நாளை விட்டுப்போகும் ஊரை இன்று ஏன் காக்க வேண்டும் என்ற எண்ணம் எந்தச் சிப்பாய்க்குத்தான் எழாது? அப்படையின் நிழலில் வடக்கு கிழக்கு மாகாண சபையை நடத்தியோர், நிழல் விலகுமுன் தமக்கொரு படை வேண்டுமென்று தமிழ் இளைஞரை வலிந்து பிடித்தனர். அப்பிள்ளைகளில் எத்தனையோ பேர் பின்னர் மடிந்தனர்.

குறித்த நாளிலேனும் படை போயிற்றா? இல்லை. செப்டம்பரில் இரு அரசுகளும் பேசி உடன்பட்ட பிறகே வழி பிறந்தது. 1990 மார்ச் 24இல் கடைசி அணி கப்பலேறியது. அவ்வாண்டு ஜூனில் மீண்டும் போர் மூண்டது.

தெற்கே மக்கள் விடுதலை முன்னணியின் கோஷத்தைப் பறிப்பதும் அந்த அறிவிப்பின் நோக்கங்களில் ஒன்று. அதுவும் கைகூடவில்லை. ஜனவரியில் நீக்கிய அவசரகால நிலையை ஜூன் 20இல் மீண்டும் கொண்டுவந்தனர். அதன்பின் மாத்தளை மாவட்டம் பட்ட பாட்டை இரத்தோட்டையிலுள்ள நமக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

வல்லரசும் இதற்கு விலக்கன்று. 2021 ஏப்ரலில் அமெரிக்கச் சனாதிபதி பைடன், செப்டம்பர் 11க்குள் ஆப்கானிஸ்தானை விட்டு வெளியேறுவோம் என்று அறிவித்தார். ஆகஸ்ட் 15இலேயே காபூல் வீழ்ந்தது.

அப்படியாயின் அனைத்தையும் மூடி மறைக்கவோ என்று கேட்பர். அன்று. தேடுதல் ஆணையை நீதவான் ஊரறியப் பறைசாற்றிவிட்டுப் பொலிசாரை அனுப்புவதில்லை. ஆயினும் தேடி முடித்த பொலிசார் மன்றுக்குக் கணக்குச் சொல்லியே ஆகவேண்டும். முன்னது காரியத்தைக் காக்கிறது. பின்னது குடிமகனைக் காக்கிறது. இரண்டும் வேண்டும்.

ஆகவே நாம் கேட்பது இதுவே: கொள்கையைப் பாராளுமன்றத்தில் வெளிப்படச் சொல்லுங்கள். நாளையும் வழியையும் அதைச் செய்து முடிக்க வேண்டியவர்களோடு முதலில் பேசித் தீருங்கள். படை விலகும் ஊரில் எஞ்சியிருக்கும் மக்களை யார் காப்பது என்பதற்கு விடை கண்டபிறகு மேடை ஏறுங்கள். கைதட்டல் அன்றைய மாலையோடு அடங்கிவிடும். அதற்கான விலையைக் கொடுப்போர் அந்தக் கூட்டத்தில் இருந்ததேயில்லை.