'சும்மாதான் இருக்கேன்' என்று இனி சொல்லாதீர்கள்!



ஓசூரிலிருந்து ஓர் இல்லத்தரசி எழுதுகிறேன். நான் படித்தது பத்தாவது வரைதான். இங்கிலீஷில் 41 மார்க். அப்படிப்பட்ட நான் இங்கிலீஷ் பேசிப் பழகுவதைப் பற்றி எழுதுகிறேன் என்றால் எனக்கே சிரிப்பு வருகிறது. ஆனாலும் எங்கள் வீட்டில் நடந்ததை உங்களோடு பகிர்ந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை.

என் தங்கை நர்சிங் படித்தவள். எங்கள் வீட்டில் தங்கி, தினமும் அத்திப்பள்ளி வழியாக பஸ் பிடித்து பெங்களூருவில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போய் வருகிறாள். இங்கிலாந்தில் நர்ஸ் வேலைக்குப் போக வேண்டும் என்பது அவள் ஆசை. அதற்கு 'ஐ.இ.எல்.டி.எஸ்.' என்று ஓர் ஆங்கிலப் பரீட்சை இருக்கிறது. கேட்பது, படிப்பது, எழுதுவது, பேசுவது என்று நாலு பகுதி. ஒவ்வொன்றுக்கும் உச்ச மதிப்பெண் 9. அங்கே நர்ஸாகப் பதிவு செய்ய எழுத்தில் 6.5, மற்ற மூன்றிலும் தலா 7 வாங்க வேண்டும். ஒரு தடவை பரீட்சை எழுதவே 15 ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகிறது. அவள் சீட்டுப் பணத்தை எடுத்துக் கட்டினாள். தவறினால் அந்தப் பணம் போனதுதான்.

அவள் பயந்ததெல்லாம் பேச்சுத் தேர்வுக்குத்தான். எதிரே ஒருவர் உட்கார்ந்து 11 முதல் 14 நிமிடம் வரை பேச வைப்பாராம். முதல் நாலைந்து நிமிடம் வீடு, வேலை, அன்றாட வாழ்க்கை பற்றிய கேள்விகள். பிறகு ஒரு கார்டு கொடுத்து, ஒரு நிமிடம் யோசிக்கவிட்டு, இரண்டு நிமிடம் வரை தொடர்ந்து பேசச் சொல்வார்கள். கடைசியில் அதை ஒட்டியே கொஞ்சம் விவாதம்.

"அக்கா, நீ கேள்வியை மட்டும் படி. நான் பதில் சொல்றேன்" என்றாள். ராத்திரி பாத்திரம் கழுவி முடித்ததும் நான் கையைத் துடைத்துக்கொண்டு பரீட்சைக்காரியாக உட்காருவேன். கேள்வியை எப்படி உச்சரிப்பது என்று ஏழாவது படிக்கும் என் மகன் சொல்லித் தருவான்.

'வாட் டூ யூ டூ இன் தி மார்னிங்?' என்று கேட்டேன். என் தங்கை கடகடவென்று ஒப்பித்தாள். அதிகாலையில் எழுந்து ஜாகிங் போவாளாம். குடும்பத்தோடு உட்கார்ந்து டிபன் சாப்பிட்டு, நிதானமாகப் பேப்பர் படிப்பாளாம்!

"ஏண்டி, நீ எப்போ ஜாகிங் போனே? பஸ்ஸைப் பிடிக்க ஓடுறியே, அதைச் சொல்றியா?" என்று கேட்டேன்.

"புக்குல அப்படித்தான் போட்டிருக்குக்கா" என்றாள். யாரோ எழுதிய மாதிரி விடைகளை ஒரு நோட்டு முழுக்க எழுதி வைத்து மனப்பாடம் செய்திருக்கிறாள். சரி என்று, மகனிடம் கேட்டுக்கொண்டு, 'வேர் டூ யூ ஜாக்?' என்று ஒரு கேள்வியை நானாகப் போட்டேன். அவ்வளவுதான், திருதிருவென்று விழித்தாள். நோட்டில் அதற்குப் பதில் இல்லையே!

மறுநாள் அவளோடு வேலை செய்யும் ஒரு சீனியர் நர்ஸிடம் கேட்டு வந்தாள். பேச்சுத் தேர்வில் நாலு விஷயங்களுக்குத்தான் மதிப்பெண். தடங்கலில்லாமல் கோர்வையாகப் பேசுகிறோமா, தகுந்த வார்த்தைகள் வருகின்றனவா, இலக்கணம், உச்சரிப்பு. வெள்ளைக்காரர் மாதிரி பேச வேண்டியதில்லை, புரிகிற மாதிரி பேசினால் போதும். மனப்பாடம் செய்ததை ஒப்பித்தால் கண்டுபிடித்துவிடுவார்கள். நம் வாழ்க்கை எவ்வளவு ஆடம்பரமானது என்பதற்கு அங்கே மார்க்கே கிடையாதாம்!

அந்த நோட்டைத் தூக்கிப் பரண்மேல் போட்டோம். "நம்ம வீட்டுல நடக்கிறதையே பேசு" என்றேன். கம்பெனி பஸ் வரிசையாக நிற்பது, ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க நிற்பதால் வரும் கால்வலி, திரும்பி வரும்போது பார்டரில் மாட்டும் டிராபிக். முதலில் திக்கினாள். ஆனால் திக்கினாலும் அவள் முகத்தைப் பார்த்தால் நிஜமாகப் பேசுகிறாள் என்று தெரிந்தது.

ஒருநாள் அவள் கேள்வியை என் பக்கம் திருப்பினாள். 'ஆர் யூ பிஸி எவ்ரி டே?' என்றாள்.

நான் யோசிக்கவே இல்லை. 'நோ, ஐ ஆம் சிம்ப்ளி இன் ஹவுஸ்' என்றேன். வீட்டில் சும்மாதான் இருக்கேன் என்பதை அப்படியே இங்கிலீஷாக்கினேன்.

அவள் சிரிப்பாள் என்று பார்த்தால் கோபப்பட்டாள். "காலையில நாலரைக்கு எழுந்தது யாருக்கா?" என்றாள்.

என் கணவருக்கு முதல் ஷிப்ட் என்றால் ஐந்தரைக்குள் சாப்பாடு கட்டிக் கொடுத்தாக வேண்டும். பிறகு தண்ணீர் பிடிப்பது, மாமியாருக்கு சுகர் மாத்திரை, மகனை எழுப்பி ஸ்கூலுக்கு அனுப்புவது, தங்கைக்கு டிபன், துணி துவைப்பது, ரேஷன், கேஸ், சாயங்காலம் உழவர் சந்தை, ராத்திரி மறுபடி அடுப்படி. ஒவ்வொன்றையும் இங்கிலீஷில் சொல்லச் சொன்னாள். 'ஐ வேக் அப் அட் ஃபோர் தர்ட்டி', 'ஐ ஃபில் த வாட்டர்', 'ஐ ஸ்டாண்ட் இன் த க்யூ' என்று ஆரம்பித்தேன். தாளிப்பதற்கு வார்த்தை தெரியவில்லை. 'ஐ புட் மஸ்டர்ட் இன் ஹாட் ஆயில்' என்று சொல் என்றாள். வார்த்தை தெரியாதபோது சுற்றி வளைத்துச் சொல்வதும் ஒரு திறமைதானாம்.

மகன் விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தான். 23 வாக்கியம்! தோழிகளே, எனக்குத் தூக்கமே வரவில்லை. இத்தனையும் செய்துவிட்டு 'சும்மா இருக்கேன்' என்று பதினைந்து வருஷமாகச் சொல்லி வந்திருக்கிறேனே! தப்பு என் இங்கிலீஷில் மட்டும் இல்லை, தமிழிலும்தான்.

மத்திய அரசு 2024-ல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பற்றிப் பேப்பரில் படித்தேன். வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்காக ஒரு நாளைக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்களாம். ஆண்கள் 88 நிமிடம். குழந்தைகளையும் பெரியவர்களையும் பார்த்துக்கொள்வது இதில் சேராது, அது தனிக் கணக்கு. 2023 ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றமும் ஒரு தீர்ப்புச் சொன்னது. கணவர் வெளிநாட்டில் சம்பாதித்த காலத்தில் வீட்டைக் கவனித்துக்கொண்ட மனைவியின் உழைப்பும் சம்பாத்தியத்துக்குச் சமம், வாங்கிய சொத்தில் அவருக்கும் பங்கு உண்டு என்றது. அரசாங்கமும் கோர்ட்டும் நம் வேலையைக் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. நாம்தான் யாராவது கேட்டால் 'சும்மா' என்று ஒரே வார்த்தையில் அழித்துவிடுகிறோம்.

"வீட்டில் இருக்கிற பொம்பளைக்கு இங்கிலீஷ் எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். என் மாமியாரே கேட்டார். இங்கிலீஷ் தெரிந்தால்தான் மரியாதை என்று நான் சொல்ல வரவில்லை. தெரியாதது வெட்கப்பட வேண்டிய விஷயமும் இல்லை. ஆனால் பிள்ளையின் ஸ்கூலிலும், ஆஸ்பத்திரியிலும், பேங்க்கிலும் நம் முன்னால் நீட்டப்படுவது இங்கிலீஷ் காகிதம்தானே! அதற்காக ஒவ்வொரு தடவையும் இன்னொருவர் கையை எதிர்பார்த்து நிற்க வேண்டியிருக்கிறது.

எங்கள் ஓசூர் பெண்களுக்கு மொழி ஒரு பெரிய விஷயமே இல்லை. கல்யாணமாகி இங்கே வந்தபோது எனக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். எதிர் வீட்டில் கன்னடம், பக்கத்து வீட்டில் தெலுங்கு. குழாயடியில் ஒருத்தர் 'நீரு பந்த்தா?' என்பார், இன்னொருத்தர் 'நீள்ளு வச்சாயா?' என்பார். இரண்டு வருஷத்தில் எனக்கு இரண்டும் வந்துவிட்டது. எந்தக் கிளாஸுக்கும் போகவில்லை, இலக்கணம் படிக்கவில்லை. தப்பாகப் பேசினால் அவர்கள் சிரித்துக்கொண்டே திருத்துவார்கள். அந்தச் சிரிப்பில் கேலி இருக்காது. இங்கிலீஷ் என்றால் மட்டும் ஏன் நாக்கு ஒட்டிக்கொள்கிறது? தப்பாகப் பேசினால் 'படிக்காதவள்' என்று முத்திரை குத்திவிடுவார்களோ என்ற பயம்தான்.

அந்த பயத்தை முதலில் ஏற்படுத்துவது வெளியாட்கள் இல்லை, சொந்த வீடுதான். போன வருஷம் ஸ்கூல் மீட்டிங்குக்கு நான் கிளம்பியபோது என் மகன், "அம்மா, அப்பாவே வரட்டும். மிஸ் இங்கிலீஷ்லதான் பேசுவாங்க" என்றான். அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனாலும் கட்டிய புடவையை மடித்து வைக்கும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது. கணவர்மார்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். நாங்கள் தப்பாக ஒரு வாக்கியம் பேசினால் சிரிக்காதீர்கள். திருத்துங்கள், அது போதும்.

தோழிகளே, என் அனுபவத்தில் நான் கண்ட வழிகளைச் சொல்கிறேன். இதற்குப் பணம் செலவில்லை.

தினமும் பத்து நிமிடம் போதும். காய் நறுக்கும்போதோ துணி மடிக்கும்போதோ, செய்கிற வேலையை வாய்விட்டுச் சொல்லுங்கள். மனசுக்குள் சொன்னால் நாக்குக்குப் பழக்கம் வராது.

அதே வேலையை மூன்று காலத்தில் சொல்லிப் பாருங்கள். இன்று 'ஐ குக்', நேற்று 'ஐ குக்ட்', நாளைக்கு 'ஐ வில் குக்'. பள்ளிக்கூடத்தில் புரியாத இலக்கணம் எனக்கு அடுப்படியில்தான் புரிந்தது.

'ஆல்வேஸ்', 'யூஷுவலி', 'சம்டைம்ஸ்', 'நெவர்' இந்த நாலையும் சேர்த்துப் பேசுங்கள். தினமும் செய்வது எது, எப்போதாவது செய்வது எது என்று தெளிவாகிவிடும்.

எந்த வாக்கியத்தோடும் ஒரு 'பிகாஸ்' அல்லது 'பட்' போட்டு இன்னொன்றைச் சேருங்கள். 'எஸ்', 'நோ' என்று நின்றுவிடாதீர்கள்.

முக்கியமாக, உள்ளதைச் சொல்லுங்கள். ஜாகிங் போகாதவர்கள் ஜாகிங் போவதாகச் சொல்ல வேண்டாம்!

என் தங்கையின் பரீட்சை போன மாதம் முடிந்தது. அவளிடமும் காலை நேரத்தைப் பற்றிக் கேட்டார்களாம். பஸ்ஸுக்கு ஓடுவதையும், அக்கா கட்டிக் கொடுத்த டப்பாவை ஓடுகிற பஸ்ஸிலேயே சாப்பிடுவதையும் சொன்னாளாம். கேட்டவர் சிரித்துவிட்டு மேலே மேலே கேட்டாராம், இவளும் சளைக்காமல் சொன்னாளாம். பேச்சில் 7 கிடைத்துவிட்டது. ஆனால் எழுத்தில் 6தான். அரை மதிப்பெண்ணில் போய்விட்டதே என்று இரண்டு நாள் அழுதாள். இப்போது மறுபடி சீட்டுக் கட்டுகிறாள், மறுபடி எழுதத் தயாராகிறாள். ராத்திரி எங்கள் வகுப்பும் தொடர்கிறது.

இந்த வருஷ ஸ்கூல் மீட்டிங்குக்கு நான்தான் போனேன். 'மை சன் ஸ்டடீஸ் அட் நைட். பட் ஹி ஈஸ் அஃப்ரைட் ஆஃப் மேத்ஸ். வாட் ஷல் ஐ டூ?' என்று மூன்று வாக்கியம் சொன்னேன். கை நடுங்கியது. டீச்சர் பாதி இங்கிலீஷும் பாதித் தமிழுமாக அன்பாகப் பதில் சொன்னார். வெளியே வந்ததும் மகன் கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தான். பிறகு, "அம்மா, 'அஃப்ரைட் ஆஃப்' கரெக்டா சொன்னே" என்றான். எனக்கு அந்தப் பரீட்சையில் 9 வாங்கின மாதிரி இருந்தது.

அடுத்த தடவை யாராவது உங்களிடம் "வீட்ல சும்மாதான் இருக்கீங்களா?" என்று கேட்டால் தலையாட்டாதீர்கள். தமிழிலோ இங்கிலீஷிலோ, காலையில் எழுந்ததிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பியுங்கள். கேட்டவர் பாதியிலேயே ஓடிவிடுவார்! என்ன தோழிகளே, நான் சொல்வது சரிதானே?

- ஒரு வாசகி, ஓசூர்.