இளைத்தவரை ஊர் கேட்கும் கேள்விகள்

உணவைக் குறைத்து, நடையும் பயிற்சியுமாக ஓராண்டு பாடுபட்டு உடலைச் சீராக்கிக்கொண்ட ஒருவர் உறவினர் வீட்டுத் திருமணத்துக்குச் செல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பந்தியில் அமர்வதற்குள் மூன்று கேள்விகளையாவது அவர் கடந்தாக வேண்டும். "என்னங்க இப்படி இளைச்சிட்டீங்க, சுகரா?" என்பது முதலாவது. "வீட்டுல ஏதும் பிரச்சினையா?" என்பது இரண்டாவது, இது சற்றுத் தாழ்ந்த குரலில் வரும். "முகத்துல இருந்த களையே போயிடுச்சே" என்பது மூன்றாவது. இது கேள்விகூட அன்று, தீர்ப்பு. பாராட்டை எதிர்பார்த்துச் சென்றவர் துக்கம் விசாரிக்கப்பட்டவராகத் திரும்புகிறார்.

சினம் கொள்வதற்கு முன் இக்கேள்விகள் எங்கிருந்து வருகின்றன என்று பார்ப்பது நலம். நம் மொழியிலேயே மெலிவுக்கு நற்பெயர் இல்லை. அகப்பாடல்களில் தலைவி மெலிந்தாள் என்றால் தலைவன் பிரிந்திருக்கிறான் என்று பொருள். வளை கழல்வதும் தோள் வாடுவதும் துயரின் சான்றுகள். திருக்குறள் இதற்கென்றே 'உறுப்புநலன் அழிதல்' என்று ஓர் அதிகாரத்தை ஒதுக்கியிருக்கிறது. பேச்சுவழக்கிலும் 'உடம்பு தேறிவிட்டது' என்றால் சதை பிடித்திருக்கிறது என்றே கொள்கிறோம். காசநோய்க்கு நாம் இட்ட பழைய பெயர் 'எலும்புருக்கி'. 1876-78இன் பெரும் பஞ்சத்தைத் 'தாது வருடப் பஞ்சம்' என்று பெயர் சொல்லி நினைவில் வைத்திருந்த சமூகம் இது. பசியும் நோயும் மட்டுமே மனிதரை மெலியச் செய்த காலங்களில் உருவான கண்களால்தான் இன்றும் ஒருவரையொருவர் பார்க்கிறோம். விரும்பி இளைத்தவரைக் குறிக்க எளிய சொல் ஒன்று நம் பேச்சில் இன்னும் நிலைபெறவில்லை; 'ஃபிட்' என்று கடன் வாங்கித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்தக் கவலை முற்றிலும் மூடத்தனமும் அன்று. முயற்சி ஏதுமின்றி எடை குறைவது நீரிழிவு, காசநோய், தைராய்டு மிகைச் சுரப்பு முதலியவற்றின் அறிகுறியாக இருக்கக்கூடும் என்பது மருத்துவம் ஏற்ற உண்மை. பெரியம்மா கேட்கும் 'சுகரா?' என்னும் கேள்விக்குள் ஓர் அனுபவ அறிவு இருக்கவே செய்கிறது. ஆனால் காலம் மாறிவிட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடந்து 2023இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. வயிற்றுப் பருமன் கொண்டோர் ஏறத்தாழ 40 விழுக்காடு. இந்நிலையில் இளைத்தவரைப் பார்த்துச் 'சுகர் வந்துவிட்டதா?' என்று கேட்கிறோம். சுகர் வராமலிருக்க இளைத்தாரோ என்று நமக்குத் தோன்றுவதில்லை.

கண் இவ்விஷயத்தில் எவ்வளவு மோசமான கருவி என்பதற்கு ஒரு புகழ்பெற்ற சான்று உண்டு. 2004இல் 'லான்செட்' இதழில் இரு மருத்துவ ஆய்வாளர்களின் படம் வெளியாயிற்று. ஒருவர் புனேயின் யாஜ்னிக். மற்றவர் லண்டனின் யுட்கின். உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் குறியீட்டெண் இருவருக்கும் ஒன்றே, 22.3. உடற்கொழுப்போ யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு. சென்னையில் மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரை அவர்கள் மூன்றாண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். உணவையும் உடலுழைப்பையும் சீர்செய்துகொண்டவர்களிடையே நோய்க்கு ஆளாகும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது. எடையோ குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. அதாவது உள்ளே பெரிய நன்மை நிகழ்ந்திருக்கிறது, வெளியே ஒன்றும் தெரியவில்லை. ஊர் தரும் சான்றிதழுக்கும் உடலின் நலத்துக்கும் உள்ள தொடர்பு இவ்வளவுதான். முகத்தில் களை போயிற்று என்பாரின் சொல்லையும், இப்போதுதான் அழகு என்பாரின் சொல்லையும் இந்த அளவுக்கே நாம் மதிக்க வேண்டும்.

இனி, பதில் சொல்வது எப்படி? எல்லாக் கேள்விக்கும் ஒரே பதில் பொருந்தாது.

கவலையில் கேட்பவர்கள் பெரும்பாலும் மூத்தவர்கள். அவர்களிடம் கலோரிக் கணக்கை விரித்துரைப்பதில் பயனில்லை. அவர்கள் கண்ணெதிரே வயிறார உண்பதே சிறந்த பதில். "நல்லாத்தாம்மா இருக்கேன், டாக்டர் பாத்துட்டு எல்லாம் சரியா இருக்குன்னு சொல்லிட்டார்" என்ற ஒரு வரி, பத்து நிமிட வாதத்தைவிட அவர்களைத் தேற்றும். இரண்டாம் முறை சோறு போட வரும் கையைத் தடுப்பதைவிட, முதல் முறையே "பாதி போடுங்க, கேட்டு வாங்கிக்கறேன்" என்பது இருவர் மனமும் நோகாத வழி. உணவூட்டுவதையே அன்பின் மொழியாகக் கொண்ட தலைமுறையிடம் உணவை மறுப்பது அன்பை மறுப்பதாகிவிடும்.

பாராட்டைக் கையாள்வது இதைவிடக் கடினம். "இப்பத்தான் ஆளே பாக்க நல்லா இருக்கே" என்பதில், முன்பு நன்றாக இல்லை என்ற செய்தி ஒளிந்திருக்கிறது. அதில் மயங்குவோர் இழப்பது பெரிது. ஏனெனில் குறைந்த எடை பலருக்கு மெல்லத் திரும்பவே செய்கிறது. எடை குறைந்ததும் பசி கூடுகிறது, உடல் செலவிடும் ஆற்றல் குறைகிறது. இழந்ததை மீட்க உடலே முனைகிறது. அன்று பாராட்டிய வாய்கள் அப்போது "பழையபடி ஆயிட்டீங்களே" என்னும். பாராட்டின்மீது கட்டிய உறுதி அந்த நாளில் சரிந்துவிடும். ஆகவே நன்றி சொல்லிவிட்டு, பேச்சைத் தோற்றத்திலிருந்து செயலுக்குத் திருப்புவது நல்லது: "மூணு மாடி மூச்சு வாங்காம ஏறறேன், அதுதான் சந்தோஷம்." இவ்வாறு சொல்லும்போது எதிரிலிருப்பவருக்கு மட்டுமன்றி நமக்கும், எதன்பொருட்டு இதைத் தொடங்கினோம் என்பது நினைவுக்கு வருகிறது.

மூன்றாம் வகையினர் துப்பறிவோர். "எத்தனை கிலோ?", "என்ன டயட்?" என்பவற்றோடு இப்போது "ஊசியா?" என்பதும் சேர்ந்துகொண்டிருக்கிறது. 2025இல் மவுஞ்சாரோ, வெகோவி ஆகிய எடைக்குறைப்பு ஊசிகள் இந்தியச் சந்தைக்கு வந்தபின் பிறந்த கேள்வி இது. ஊசி போட்டிருந்தாலும் அது குற்றமன்று. போட்டாரா இல்லையா என்பது அவருக்கும் அவருடைய மருத்துவருக்கும் இடையிலான செய்தி. இத்தகையோரிடம் உண்மையை முழுதும் ஒப்பிக்கும் கடமை எவருக்கும் இல்லை. "டாக்டர் சொன்னபடி செய்றேங்க; உங்க பையன் எப்படிப் படிக்கிறான்?" என்று கடந்துவிடலாம். பெண்களுக்கோ இது இரட்டைச் சுமை. மணமாகாதவர் இளைத்தால் வரன் பார்க்கிறார்களா என்பார்கள். மணமானவர் இளைத்தால் புகுந்த வீட்டில் சோறு போடவில்லையா என்பார்கள். பிள்ளை பெற்றவர் இளைத்தால் பால் போதுமா என்பார்கள். அவள் தனக்காகவே ஓடியிருக்கலாம் என்பது கடைசியாகத்தான் நினைவுக்கு வருகிறது.

பதில் சொல்லும் கலையைப் பேசிவிட்டுக் கேட்கும் நாகரிகத்தைப் பேசாமல் விடலாகாது. ஒருவர் ஏன் இளைத்தார் என்பது பார்ப்பவருக்குத் தெரியாது. அமெரிக்க நடிகர் சாட்விக் போஸ்மன் 2020 ஏப்ரலில் மெலிந்த தோற்றத்தில் ஒரு காணொளியில் தோன்றியபோது, அவ்வுடல் குறித்து எத்தனையோ பேச்சுகள் எழுந்தன. அவ்வாண்டு ஆகஸ்டில் பெருங்குடல் புற்றுநோயால் அவர் இறந்தபோதுதான், நான்கு ஆண்டுகளாக நோயை வெளியே சொல்லாமல் தாங்கியிருந்தார் என்று உலகம் அறிந்தது. துக்கத்தில் உணவிறங்காமல் மெலிந்தவளிடம் "சூப்பரா இளைச்சிட்டியே, எப்படி?" என்று கேட்பதும் நம்மிடையே நடப்பதே. உண்மையான கவலை இருந்தால் மண்டபத்தின் நடுவில் வேண்டாம். தனியே அழைத்துக் கேட்கலாம்.

பெரியபுராணத்தில் காரைக்காலம்மையார் தசையை உதறி எலும்புருவாகிக் கயிலையில் தலையால் நடந்து ஏறுகிறார். வழியில் கண்டோர் அஞ்சி ஓடுகின்றனர். உமையோ அவ்வெலும்புடம்பைக் கண்டு, அதன் அன்பை வியந்து இறைவனிடம் பேசுகிறாள். இருவர் பார்த்ததும் ஒரே உடம்பைத்தான். எலும்பைக் காணாமலிருக்க உமைக்கும் இயலவில்லை. ஆனால் வாய் திறந்தபோது அவள் அன்பையே பேசினாள். நமக்கு அவ்வளவு உயரம் கைகூடாவிட்டாலும் போகட்டும். 'சௌக்கியமா?' என்றொரு பழைய கேள்வி நம்மிடம் இருக்கிறது. அளவெடுக்காத கேள்வி அது. எதைச் சொல்வது, எதை விடுவது என்பதைக் கேட்கப்பட்டவரே தீர்மானித்துக்கொள்ளலாம். அடுத்த திருமணத்தில் அதைக் கேட்டுவிட்டு, அவர் சொல்லும் பதிலை முழுதும் கேட்டுவிட்டு, பந்திக்குப் போவோம்.