பொது அளவு போய்விடக் கூடாது

எழுத்தறிவு கற்பித்த அறிவொளி இயக்கம் புதுக்கோட்டை மாவட்டப் பெண்களைச் சைக்கிளில் ஏற்றிவிட்ட காலத்தில், குடுமியான்மலை கல்குவாரிப் பெண்களும் ஓட்டக் கற்றார்கள். நானும் அந்தத் தலைமுறைதான். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஆண்கள் வண்டி வாங்கியவர்கள் உண்டு; முன்பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாமென்று அதையே விரும்பியவர்களும் உண்டு. 1992இல் ஒரே வாரத்தில் 70,000 பெண்களுக்கு மேல் ஓட்டிக் காட்டியதைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. அந்த வண்டிகள் பிறகு எப்படித் தாக்குப்பிடித்தன என்பது பேசப்படுவதில்லை.

ஒரு கம்பெனி செயின், இன்னொரு கம்பெனி பிரீவீல், யாரோ கழற்றிப் போட்ட கிராங்க். இப்படித்தான் ஓடின. எவர் செய்த செயினானாலும் கண்ணிக்குக் கண்ணி அரை அங்குலம், உள் அகலம் அரைக்கால் அங்குலம். அதனால் எதுவும் எதிலும் பொருந்தியது. என் வண்டியில் முன்னால் 44 பல், பின்னால் 18. மூட்டை ஏற்றுகிறவர்கள் பின்னால் 20 பல் போட்டுக்கொள்ளலாம். மிதி லேசாகும், வேகம் பத்தில் ஒரு பங்கு குறையும், அவ்வளவுதான்.

மாற்றுவதற்கும் முறை உண்டு. புதுச் செயினில் 24 கண்ணி சரியாக 12 அங்குலம். அது அரைக்கால் அங்குலம் நீண்டுவிட்டால் பிரீவீல் பல்லும் தேய்ந்திருக்கும். செயினை மட்டும் மாற்றினால், மேட்டில் அழுத்தி மிதிக்கையில் பல் தாண்டும், முட்டி பெயரும். எனவே கடைக்காரர் இரண்டையும் மாற்றச் சொன்னால் சந்தேகப்படாதீர்கள். 1/16 அங்குலம் நீளும்போதே செயினை மாற்றினால் பிரீவீல் தப்பிக்கும்.

இப்போது பிள்ளைகள் கியர் சைக்கிள் கேட்கிறார்கள். ஆசை நியாயமானதுதான். ஆனால் அந்தச் செயின் ஒடுக்கம். கியர் கூடக்கூட இன்னும் மெலிகிறது. 7 கியர் செயினை 10 கியர் வண்டியில் போட முடியாது. என் தங்கை மகளின் வண்டி சாய்ந்து விழுந்ததில் பின் கியரைத் தாங்கும் கொக்கி வளைந்துவிட்டது. விரலளவு அலுமினியத் துண்டு. மாடலுக்கு மாடல் வடிவம் வேறு. புதுக்கோட்டையிலும் கிடைக்கவில்லை. வண்டி மாட்டுக்கொட்டகையில் நிற்கிறது, பிள்ளை பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறாள்.

பிளஸ் ஒன் மாணவர்களுக்கு அரசு தரும் சைக்கிள் கியர் இல்லாமலே இருக்கட்டும். செயின், பிரீவீல், பெடல் எல்லாம் கிராமத்துக் கடையில் கிடைக்கும் பொது அளவில்தான் இருக்க வேண்டுமென்று டெண்டரிலேயே எழுதுங்கள். கியர் வண்டி விற்பவர்கள் செயின் அளவையும் பல் எண்ணிக்கையையும் பில்லில் குறித்துத் தரவேண்டும். அந்தக் கொக்கியில் உபரியாக ஒன்றை வண்டியோடு சேர்த்தே கொடுக்க வேண்டும்.